இடம் போட்டவள்

'டாங்' என்று தண்டவாள இரும்பில் யாரோ அடித்தார்கள்.

தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சத்யபிரியாவின் கை நின்றது. கல்குவாரியில் வெடி வைக்கும் முன் சங்குதான் ஊதுவார்கள். குன்றக்கல் ஸ்டேஷனில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையோ, என்றைக்கோ எவனோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

கூடத்தில் அவள் கணவன் நிலவழகன் சாயங்காலக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று தலை வாரினான்.

"எங்கங்க?"

"ஸ்டேஷன் வரைக்கும். அதோட வரலாறு எழுதுறேன்னு சொன்னேன்ல."

"மூடிக் கெடக்குற கட்டடத்துக்கு எதுக்குச் சீப்பு?"

சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினான். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

ஒரு மாதமாகவே இப்படித்தான். இலுப்பூரில் வங்கி வேலை பார்ப்பவனின் சட்டையில் கல்தூளும் வெடிமருந்தும் மணந்தன. அதற்கும் அடியில், வேப்பெண்ணெய் தடவிய ஒரு பெண்ணின் தலை வாசம். போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த மனைவியிடமே "ஆள் வருது" என்றான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே கிளம்பினாள். ஊர் எல்லையில் மருதாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள்.

"என்ன தாயி, ஒம் புருசன் வண்டிக்குக் காத்துக் கெடக்காரா, பொண்ணுக்கா?"

"அங்க எவ இருக்கா?"

மருதாயியின் சிரிப்பு நின்றது. "அழகின்னு ஒருத்தி. கல்லொடைக்க வந்தவ. எடம் போட்டு வையி, சாயங்கால வண்டியில போயிருவோம்னு மேஸ்திரி சொன்னத நம்பி, சும்மாட்டுத் துணிய பெஞ்சுல விரிச்சு ஒக்காந்தா. அவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து, இவ கண்ணு முன்னால வண்டியேறிட்டான். இவ எந்திரிக்கவே இல்ல. ஒக்காந்த வாக்குல செத்தா. பொறவு அகல ரயில் பாதைய அங்கிட்டுத் தள்ளிப் போட்டு ஸ்டேஷன மூடிட்டாங்க. துணி மட்டும் கெடக்கு."

"எடுத்து எறிய வேண்டியதுதான?"

"இன்னொருத்தி போட்ட எடத்துல யாரு ஒக்காருவா?"

செத்தவளாம். எவளோ உயிரோடு இருப்பவள் இந்தக் கதைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபடி சத்யபிரியா நடையை எட்டிப் போட்டாள்.

பாதி வெட்டிய குன்றுகளுக்கு நடுவே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தண்டவாளம் பிடுங்கிய தடத்தில் கருவேலம் அடர்ந்து, டிக்கெட் கொடுக்கும் துவாரத்தில் சிலந்தி வலை ஆடி, காற்று வரும்போதெல்லாம் கல்தூள் மெல்லப் பெய்தது. பிளாட்பாரக் கடைசியில் கல் பெஞ்சு. அதன் ஒரு ஓரத்தில் நிலவழகன். மறு ஓரத்தில் அழுக்குத் துணி ஒன்று விரிந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டியா? கால் வலிக்குதா?"

இந்தக் குரலில் சத்யபிரியாவிடம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

பாய்ந்து போய்த் துணியைப் பிடுங்கினாள். "இது என் எடம்." உட்கார்ந்தாள்.

துணி சுட்டது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

டாங்.

கல்லின் குளிர் இடுப்பில் ஏறியது. எழப் பார்த்தாள். முடியவில்லை. கூப்பிட்டாள். வாயிலிருந்து தூள் உதிர்ந்தது. மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். காய்த்த கைகள். நகமெல்லாம் கல்தூள்.

எதிரே ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். சத்யபிரியாவின் நீலப் புடவை. சத்யபிரியாவின் பின்னல். வெகுகாலம் உட்கார்ந்திருந்தவள்போல இடுப்பை நிமிர்த்தினாள். திரும்பினாள். சத்யபிரியாவின் முகம். கழுத்தில் அவளுடைய தாலி.

நிலவழகன் எழுந்தான். பெஞ்சுப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. எதிரே நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வா அழகி, நம்ம வீட்டுக்குப் போவோம்."