வரிசையில் வாங்க... சனி தெரியும்!

எட்டு மணிக்கு மைக் முன்னால் நிற்க வேண்டிய மனிதர், பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை உடைந்திருந்தது.

பக்கத்தில் ஓர் இரும்பு உருண்டை. டெலஸ்கோப் ஒரு பக்கமாய்ச் சாயாமல் இருக்க மாட்டுகிற எடை. அதைச் சுற்றி ஒரு நீலச் சால்வை.

அவரைத் தேடி வந்த மனைவி அலறினாள்.

மைதானத்தில் டெலஸ்கோப்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் வானத்தை விட்டுவிட்டு ஒரே நொடியில் பூமிக்கு வந்தார்கள்!

மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில் பொதுமக்களுக்கு இலவசமாக வானம் காட்டுவது அந்த வானியல் கிளப்பின் வழக்கம். செத்துக் கிடந்தவர் கிளப் தலைவர். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். எதையும் இரண்டு தடவை செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். வணக்கம்கூட இரண்டு தடவை சொல்வார். கையில் இரண்டு வாட்ச். ஊரே அவரை 'டபுள் சார்' என்றுதான் கூப்பிடும்.

சாவு மட்டும் ஒரே அடியில் வந்துவிட்டது.

இருபது நிமிடத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தன் தோளில் இருக்கும் நட்சத்திரங்களைத் தவிர வேறு நட்சத்திரம் எதுவும் தெரியாது!

"யாரும் எதையும் தொடக் கூடாது. டெலஸ்கோப்பையும்தான்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பு அறையில், முழங்கால் இடிக்கிற குட்டி பெஞ்சில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"நீங்க யாரும்மா?"

"அவரோட சம்சாரம் சார். மருந்துக் கடையில வேலை. கிளப்புக்குச் செயலாளரும் நான்தான்."

"அவரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஏழு மணிக்கு. 'எட்டு மணிக்கு மைக்ல ஒரு விஷயம் சொல்லப் போறேன், நீ முன்னாடி வந்து நிக்கணும்'னார். என்னன்னு கேட்டேன். சொல்லல."

"மத்தியானம் நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"



கான்ஸ்டபிள் நோட்டைப் பிரித்து ராகத்தோடு படித்தார். "'இன்னிக்கோட உங்களுக்கு ஒரு முடிவு கட்டறேன்!' நாலு பேர் காதால கேட்டிருக்காங்க, சார்."

"கோவத்துல சொன்னேன் சார்! ஒரு வாரமா விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து எங்கயோ போறார். கேட்டா சிரிக்கிறார். என் தம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னேன்..."

"தம்பி என்ன சொன்னார்?"

"'சொன்னா நீ தாங்க மாட்டேக்கா, பொம்பளை விஷயம்'னு சொன்னான்."

கான்ஸ்டபிள் 'உச்' கொட்டினார்.

"அவர் கையில ரெண்டு வாட்ச். ஒண்ணு ஓடுது. இன்னொண்ணு கீழே விழுந்ததுல உடைஞ்சு ஏழு இருபத்திரண்டுல நிக்குது. அந்த நேரத்துல நீங்க பதிவு மேசையில இல்லையாம். எங்க போனீங்க?"

"மேகம் வந்துச்சு சார். மழை பெஞ்சா டெலஸ்கோப் எல்லாம் வீணாப் போயிடும். பிளாஸ்டிக் ஷீட் எடுக்க வெளிய காருக்குப் போனேன். தேடி எடுக்கறதுக்குள்ள மேகம் கலைஞ்சிடுச்சு. ஏழரைக்குத் திரும்பி வந்துட்டேன்."

"கார்கிட்ட உங்களை யாராவது பார்த்தாங்களா?"

"...இல்ல சார்."

"இந்தச் சால்வை?"

"என்னோடதுதான். காணாமப் போச்சு."

பொய்!

சால்வை காணாமல் போகவில்லை. ஏழு மணிக்கு அவளுடைய தம்பி வந்து, "குளிருதுக்கா, அதைக் கொடேன்" என்று வாங்கிக்கொண்டு போயிருந்தான். அதைச் சொன்னால் போலீஸ் அவனைக் குடையும். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பாவம், அவனை எதற்கு இதில் இழுப்பது? தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் இருக்கிற தைரியத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி உள்ளே வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"அக்கா! பயப்படாதேக்கா. நான் இருக்கேன்."

"அப்புறம் இருக்கலாம். ஏழுலேருந்து ஏழே முக்கால் வரைக்கும் எங்க இருந்தீங்க, அதைச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பீரங்கிகிட்ட, சார்."

"என்னது?"

"பெரிய டெலஸ்கோப்பை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜனங்களுக்குச் சனி கிரகத்தைக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

"நடுவுல எங்கேயும் நகரலையா?"

"நான் நகர்ந்தா சனியும் நகர்ந்துடும் சார். பூமி சுத்துதே! பீரங்கிக்கு மோட்டார் கிடையாது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கையால தள்ளி விடணும். நான் அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் போயிருந்தா, பார்க்கிறவங்களுக்கு வெறும் இருட்டுதான் தெரிஞ்சிருக்கும். வரிசையில நின்ன யாரை வேணும்னாலும் கேளுங்க!"

"கேட்டாச்சு சார்," என்றார் கான்ஸ்டபிள். "அறுபது பேரும் பார்த்திருக்காங்க. வளையத்தோட!"

அறுபது சாட்சி! அசைக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் சால்வையைத் தூக்கிக் காட்டினார். "இது யாருது?"

தம்பி அக்காவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"அக்காவோடது சார். சாயந்தரத்துலேருந்து அக்கா தோள்லதான் இருந்துச்சு. ஏழேகாலுக்கு அதைப் போர்த்திக்கிட்டு அந்த ரூம் பக்கம் போனதைக்கூடப் பார்த்தேன்... மன்னிச்சிடுக்கா. போலீஸ்கிட்ட நான் எப்படிப் பொய் சொல்றது?"

அவள் அவனையே பார்த்தாள்.

இவனைக் காப்பாற்றத்தானே அவள் பொய் சொன்னாள்!

"எங்கிட்டேருந்து நீதானேடா வாங்கிட்டுப் போனே?"

"அதிர்ச்சியில அக்கா என்னென்னமோ பேசுது, சார்."

"கிளம்பலாமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

அவள் எழுந்தாள். இரண்டடி நடந்தாள். சட்டென்று நின்றாள்.

"சார்... மேகம் வந்துச்சே?"

"அதான் சொல்லிட்டீங்களே."

"நான் ஷீட் எடுக்க ஓடினதே அதுக்குத்தான் சார். மேகம் மூடியிருந்த நேரத்துல இவன் எப்படி சனியைக் காட்டினான்?"



"மேகமா...? ஏதுக்கா மேகம்? வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சே!"

"இருந்துச்சா?" இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார். "யோவ், வெளிய மேசையில ஒரு புத்தகம் கிடந்துச்சே, அதை எடு!"

வந்தவர்கள் கருத்து எழுதுகிற புத்தகம். டபுள் சார் வைத்தது. கடிகாரக்காரர் ஆயிற்றே, நேரம் எழுதாமல் யாரையும் விடமாட்டார்.

கான்ஸ்டபிள் படித்தார்.

"ஏழு பத்தொன்பது. 'சின்ன டெலஸ்கோப்பில் நிலா பார்க்க ஆசையாக வந்தேன். ஒரே மேகம். ஏமாற்றம்.'"

"மேல படி."

"ஏழு இருபத்தொண்ணு. 'எல்லாவற்றிலும் மேகம்தான். பெரிய டெலஸ்கோப்பில் மட்டும் சனி பளிச்! பாராட்டுகள்.'"

"அட! அப்புறம்?"

"ஏழு இருபத்தாறு. 'பெரிய டெலஸ்கோப்பைத் தெரியாமல் இடித்துவிட்டேன். சனி அசையவே இல்லை. நல்ல கனமான கிரகம்!'"

தம்பி கதவைப் பார்த்தான். கதவில் இன்னொரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"கடைசியா ஒண்ணு, சார். ஏழு இருபத்தெட்டு. 'அங்கே இருட்டில் முகம்கூடத் தெரியாத ஆளிடம் எதைக் கேட்டாலும், வரிசையில் வாங்க, சனி தெரியும் என்றே சொல்கிறார். சற்று மரியாதை தேவை.'"

இன்ஸ்பெக்டர் மைதானத்துக்கு நடந்தார். அத்தனை பேரும் பின்னால் போனார்கள்.

பீரங்கியில் கண் வைக்கிற குழாயைக் கழற்றினார். உள்ளே நகத்தளவு ஒரு ஃபிலிம் துண்டு. அதில் வளையத்தோடு சனி! பின்னால் பட்டாணி அளவு ஒரு பல்பு. கண்ணாடிக் கடைக்காரனின் நுணுக்கமான கை வேலை! பீரங்கியின் காலடியில் ஒரு குட்டி ஸ்பீக்கர் கிடந்தது. கான்ஸ்டபிள் அதன் பட்டனை அமுக்கினார்.

"வரிசையில் வாங்க... சனி தெரியும்... தொடாதீங்க... வரிசையில் வாங்க..."

தம்பியின் குரல்!

எட்டு மணிக்கு எல்லோரும் மைக் பக்கம் போனதும் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று இருந்தான். அதற்குள் அக்காவின் அலறல். அப்புறம் போலீஸ் எதையும் தொட விடவில்லை.

எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டவன், வானத்தை ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டான்!

"ஏன்டா?" என்றாள் அக்கா. "அவர் உனக்கு என்னடா பண்ணினார்?"

இனி நடித்து லாபமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வால்நட்சத்திரம்க்கா! மாமா ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சுட்டார். மூணு மணிக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போனது அதைப் பார்க்கத்தான். பொம்பளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பதினஞ்சு வருஷமா நானும்தான் தேடறேன்! எனக்கு ஒண்ணும் மாட்டல. கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் அதுக்கு வைப்பாங்க. விவரத்தை எல்லாம் எழுதி, வானியல் மையத்துக்கு அனுப்பச் சொல்லி எங்கிட்டயே கொடுத்தார். பேர் எழுதற இடத்தைக் காலியா விட்டிருந்தார், அப்புறம் சொல்றேன்னார். நான் என் பேரைப் போட்டு அனுப்பிட்டேன்."

"எட்டு மணிக்கு அவர் மைக்ல பேசினா உன் குட்டு உடைஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா!"

"அப்ப அந்தப் பொம்பளை விஷயம்...?" என்றாள் அக்கா.

"நீ அவரோட சண்டை போடணும். அதை நாலு பேர் கேக்கணும். அதுக்குத்தான்."

ஒரு வாரமாய் அவள் சாப்பாட்டுத் தட்டைப் புருஷன் முன்னால் நங்கென்று வைத்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். கடைசி நாளில்கூட அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. அந்த வார்த்தைகளையும் இவன்தான் திருடியிருக்கிறான்!

தம்பி விலங்கு மாட்டிய கையை வானத்தைப் பார்த்து நீட்டினான்.

"எத்தனை வருஷம் வேணும்னாலும் போடுங்க. அங்க என் பேர் இருக்கும். அதை எந்தப் போலீஸாலயும் அழிக்க முடியாது!"

"சார்," என்று சாமான் அறையிலிருந்து ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். "இறந்தவர் பாக்கெட்ல இருந்துச்சு. மைக்ல படிக்க வச்சிருந்தார் போல. ஒரே லெட்டர்... ரெண்டு காப்பி!"

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் படித்தார்.

"'புதிய வால்நட்சத்திரம் பற்றிய தங்கள் தகவல் திங்கட்கிழமை கிடைத்தது. அதையே வேறொருவர் புதன்கிழமை தன் பெயரில் அனுப்பியிருந்தார். முதலில் வந்ததையே ஏற்கிறோம்...'"

தம்பியின் கை தொப்பென்று இறங்கியது.

டபுள் சார் எதையும் ஒரு தடவையோடு விடுகிறவரா? திங்கட்கிழமையே தன் கையால் அனுப்பிவிட்டார். தம்பியிடம் கொடுத்தது இரண்டாவது தடவைக்கு!

"'கண்டுபிடித்தவர்...'" இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். இரண்டாவது காப்பியையும் பார்த்தார். "அம்மா, இது உங்க பேர்தானே?"

"என் பேரா? நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்?"

சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம். 'வா, ஒண்ணு காட்டறேன்' என்று மொட்டை மாடிக்கு இழுத்துப் போனார். தூக்கக் கலக்கத்தில் குழாயில் கண்ணை வைத்தவள், "ஓரத்துல பஞ்சு மாதிரி என்னமோ ஒட்டியிருக்கு, கண்ணாடியைத் தொடைங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் அதை மறந்தே போனாள்.

அவர் துடைத்திருப்பார். நிச்சயம் இரண்டு தடவை துடைத்திருப்பார். பஞ்சு போயிருக்காது.

"அடியில பேனாவால ஏதோ எழுதியிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். "'மைக்கில் தம்பி செய்ததைச் சொல்ல வேண்டாம். அவள் தாங்க மாட்டாள்.'"

அதற்குக் கீழே கோடு போட்டிருந்தது. இரண்டு கோடு.

அவள் அந்தக் காகிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

"அக்கா..." தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, ஒரு வக்கீல் மட்டும் பாரேன்..."

அவள் கண்ணைத் துடைத்தாள். கான்ஸ்டபிள் கையிலிருந்த ஸ்பீக்கரை வாங்கி, அவன் மடியில் போட்டாள்.

"வரிசையில போடா. சனி தெரியும்."

கான்ஸ்டபிள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இவனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும், சார்?"

"நிஜச் சனி பிடிச்சா ஏழரை வருஷத்துல விட்டுடுமாம்யா," என்றபடி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். "இவன் காட்டினது டூப்ளிகேட். அதுக்கு ஆயுள்!"