கற்பூரம் மணத்த கத்திகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்பில் இன்னொரு கரித்துண்டு போட்டிருக்கிறேன். எங்கள் ஷெஃபீல்டில், உலைப்புகை படிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சாயங்காலத் தேநீருக்கு அந்த வீட்டு மருமகள் ஹெஸ்டர் இழுப்பறையைத் திறந்தபோது கற்பூரம் மணத்தது. மாமியாருக்குக் கல்யாணத்தில் வந்த வெள்ளி மேசைக்கத்திகள். பிடி தந்தம் மாதிரி இருக்கும், தந்தமில்லை; கற்பூரம் சேர்த்துச் செய்த செல்லுலாய்டு. சூடுபட்டால் இளகும், கற்பூரமாய் மணக்கும். அதனால் அவள் பச்சைத்தண்ணீரில்தான் கழுவுவாள். ஒரு பிடியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மாடியில் மாமியாரின் கைத்தடி தரையை இடித்தது.

"ஏண்டி, கத்திய வெந்நீர்ல போட்டியா? இங்க வரைக்கும் மணக்குதே!"

"இல்லத்தே, பச்சத்தண்ணிதான்."

"புளுகாத. அந்தப் பிடியும் நீயும் ஒண்ணு. பாக்கத்தான் தந்தம்!"

புருஷன் வால்ட்டர் ராத்திரி ஷிப்டுக்கு எஃகு உலைக்குப் போய்விட்டான். தினமும் போல, கொதிநீர் ஊற்றிய மண்புட்டியை மார்போடு அணைத்து, ஈரக்கரி வாடையும் பழைய கஞ்சி வாடையும் தேங்கிய குறுகல் படிகளில், மூட்டுக்கு மூட்டு வலிக்க ஏறி, எழுந்து நடந்து வருஷங்களான கிழவியின் காலடியில் சூட்டுக்கு வைத்தாள். சிறுவயதில் பட்டறைச் சாணைச்சக்கரம் சுண்டுவிரலைத் தின்ற கை, போர்வையை வெடுக்கென்று இழுத்து மூடியது. படுக்கையிலும் கற்பூரம் மணத்தது. நெஞ்சுத் தைலம் என்று நினைத்தாள்.

மறுநாள் கத்தி துடைக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பிடியில் பள்ளங்கள். இளகியபோது யாரோ இறுகப் பிடித்த தடம். ரொட்டியில் வெண்ணெய் தடவப் பிடிக்கிற பிடியில்லை. கட்டைவிரல் பிடியின் நுனியில் அழுந்தியிருந்தது. அலகு கீழ்நோக்கி இருக்க, குத்துவதற்குப் பிடித்த பிடி.

நானா?

சட்டி கழுவிக்கொண்டே நின்றபடி தூங்குகிறவள் அவள். கிழவி போய்ச் சேர்ந்தால் ஒருநாளாவது படுக்கலாமே என்று எத்தனை தரம் நினைத்திருக்கிறாள்! தூக்கத்தில் இந்தக் கைகள் எதைச் செய்யும், யார் கண்டது? வால்ட்டரிடம் சொல்ல வாயெடுத்தாள்.

"அசதிம்மா உனக்கு. கொஞ்சம் படு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

இருட்டியது. குழாய் சொட்டியது. மாடியில் தடி இடித்துக்கொண்டே இருந்தது. தாங்கமாட்டாமல் கத்தியை எடுத்து, தன் விரல்களைப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள்.

பொருந்தவில்லை.

என் கையல்ல! அப்படியே நாற்காலியில் சரிந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்று விரல் பள்ளம். கட்டைவிரல். சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

தடிச் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது?

இழுப்பறையைப் பார்த்தாள். கையில் இருந்ததைச் சேர்த்தும் ஒரு கத்தி குறைந்தது.

மாடிப்படியின் கீழ்க்கதவுக்குப் பின்னால் கடைசிப் படி முனகியது. கற்பூர வாசம். தாழ்ப்பாள் மெல்ல, மெல்ல மேலே எழும்பியது.

உங்கள் வீடு நன்றாயிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் மாடியில் படுத்திருப்பவர்கள் விடியும்வரை மாடியிலேயே இருக்கட்டும்.