நடுக்கால் இல்லாத பாத்தி

"கிர்ர்ர்..."

செடிகளை எடுத்துவந்த சிறுமி பட்டாசு அப்படியே நின்றுவிட்டாள். சத்தம் மரப்பாத்தியிலிருந்து வந்தது.

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் குனிய முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் செடி வளர்க்க வேண்டுமென்று, பட்டாசும் அக்காவும் கொல்லையில் உயரமான மரப்பாத்தி ஒன்று செய்திருந்தார்கள். படம் வரைந்தது பட்டாசுதான். எட்டடி நீளம். நான்கு மூலைக்கும் நான்கு கால்கள். நீளப் பலகைகளை மண் வெளியே தள்ளிவிடாமல் தாங்க, பக்கத்துக்கு ஒரு நடுக்கால்.

ஆனால் ஒரு நடுக்காலை அவள் அளவு தவறி குட்டையாக வெட்டிவிட்டாள். வேறு கட்டை இல்லை. "எல்லாம் போட்டாச்சா?" என்று அக்கா கேட்டபோது, "போட்டாச்சு" என்றாள். அக்கா அதை நம்பி மண்ணை நிரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நடுக்கால் இல்லாத அந்தப் பக்கத்தில்தான் அப்பா இப்போது உட்கார்ந்திருந்தார். ஒருபுறம் பாத்தி, மறுபுறம் மதில் சுவர். கையில் தண்ணீர்க் குழாய்.

"வா பட்டாசு! இந்தக் கத்தரிச் செடிக்கு என்னைவிடத் தாகம் அதிகம்!"

பலகை, சாப்பிட்ட வயிறு போல வெளியே உப்பியிருந்தது. பட்டாசு செடிகளைக் கீழே வைத்தாள். சொன்னால் பொய் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்?

"டக்!" ஒரு திருகாணி தெறித்து அப்பாவின் காலடியில் விழுந்தது.

அவள் ஓடிப்போய்க் குழாயை மூடினாள்.

"அப்பா, உடனே வெளிய வாங்க!"

"இன்னும் நாலு செடிதானே கண்ணு..."

"பலகை விழப் போகுதுப்பா! நடுக்கால் இல்ல! நான் தப்பா வெட்டிட்டேன், பொய் சொல்லிட்டேன்!"

அப்பா பலகையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

பட்டாசு நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"டக்! டக்!"

"அப்பா! பிரேக்!"

"ஐயோ, ஆமாம்ல!" அப்பா பிரேக்கை விடுவித்தார். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சக்கரங்கள் சேற்றில் வழுக்கி, உருண்டு, வெளியே வந்தன.

படாரென்று பலகை பிளந்தது. ஈரமண் சரிந்து மதில் வரை போய் மோதியது. அப்பாவின் கால்கள் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் உயரத்துக்கு மண்.

நாற்காலிக் கைப்பிடியைப் பட்டாசு விடவே இல்லை.

"ஏன் முதல்லயே சொல்லல?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"இனிமே என்னை எதையும் செய்ய விட மாட்டீங்கன்னு பயம்."

"இப்ப?"

"இப்ப வந்தது அதைவிடப் பெரிய பயம்."

அப்பா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மாலையில் அக்கா வந்தாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் பட்டாசே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் சரிந்த மண்ணை மண்வெட்டியால் அள்ளிக் குவித்தாள். பிறகு வந்து அளவு நாடாவை நீட்டினாள்.

"புதுக்கால் எவ்வளவு வேணும்? நீயே அளந்து சொல்லு."

பட்டாசு மூன்று முறை அளந்தாள். மறுநாள் புதுப் பலகையும் புதுக் கட்டைகளும் வந்தன. விடுபட்ட பக்கத்திலும் நடுக்கால் போட்டார்கள். "எதிரெதிர் கால்களைக் குறுக்குக் கட்டையால இணைச்சா ரெண்டு பக்கமும் விரியாதுக்கா" என்றாள் பட்டாசு. அக்கா அதையும் பொருத்தினாள்.

மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் காத்திருந்தார்கள். அதுவரை பட்டாசு அப்பாவைப் பாத்திப் பக்கமே விடவில்லை.

நான்காம் நாள் காலையில் அவள் பாத்தியில் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. பின்னால் போய், ஓடிவந்து, பலகையை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"ஆ!"

பலகை அசையவே இல்லை. கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே, "அப்பா, இப்ப வரலாம்!" என்று சிரித்தாள் பட்டாசு.