பிடிமானம்

கேமரா தேய்ந்திருந்த இடம் தப்பாக இருந்தது.

பதினோரு வருடமாகப் பழைய பிலிம் கேமராக்களுக்குத் தோல் மாற்றுகிறவள் அவள். உள்ளே இருக்கும் பல்லும் சக்கரமும் வேறு ஆட்களின் வேலை. இவளுக்கு மேல்தோல் மட்டும்தான். பழைய உறையை உரித்து, அடியில் பித்தளை பச்சை பூத்திருந்தால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுத் தோலை அளவாக வெட்டி ஒட்டுவாள். ஒரு கேமராவைக் கையில் வாங்கியதுமே அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு தெரிந்துவிடும். அநேகமாக எல்லோரும் பிடிப்பது ஒரே மாதிரிதான்: முன்பக்கம் வலது ஓரத்தில் நான்கு விரல், பின்பக்கம் கட்டைவிரல். பயந்த சுபாவம் என்றால் பள்ளம் ஆழமாக இருக்கும்.

இதில் கட்டைவிரலின் பள்ளம் முன்பக்கம், லென்ஸை ஒட்டி இருந்தது. நான்கு விரல்கள் பின்பக்கம். படம் எடுத்தவர் பிடித்த தடமே இல்லை இது. எதிரே நின்ற ஏதோ ஒன்று கையை நீட்டிப் பிடித்த தடம். அந்த விரல்கள் ஒரு ஓரத்தில் தொடங்கி, முழு அகலத்தையும் கடந்து, மறு ஓரத்தைச் சுற்றி மடங்கியிருந்தன.

கொண்டுவந்த ஆள் உட்காரக்கூட இல்லை. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் பட்டனை மணிக்கட்டுவரை போட்டிருந்தார்.

"தோலை மாத்திடுங்க. வழவழன்னு இருக்கணும். பிடி கிடைக்கவே கூடாது."

"கேமரான்னா பிடிக்கத்தானே சார் வேணும்?"

"சொன்னதை மட்டும் செய்ங்களேன்மா."

கேமராப் பையை நீட்டும்போது பட்டன் தெறித்துச் சட்டைக்கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு பட்டை அளவுக்கு முடியில்லை, சுருக்கமில்லை. பல பேர் கைபட்ட மாடிப்படிக் கைப்பிடியைப் போல அந்த இடம் மினுங்கியது. தீக்காயமாக இருக்கும் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய உறை முரண்டு பிடித்தது. மொண்ணைக் கத்தியை விட்டு நெம்ப நெம்ப, நொறுங்கிய பிஸ்கட்டாக உதிர்ந்தது. கூடவே ஒரு வாடை கிளம்பியது: பழம்பசையும் ஈரத்துணியும், வெகுநேரம் மூடியே வைத்திருந்த உள்ளங்கையின் வியர்வையும் கலந்த வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தாள். உதிர்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். இருப்பதிலேயே வழவழப்பான கறுப்புத் தோலை எடுத்து ஒட்டி, மரக்கட்டையால் நீவி, காய வைத்தாள். கையில் எடுத்தால் நழுவியது. அவர் கேட்டபடியே.

மறுநாள் காலை புதுத் தோல் புதிதாகவே இருந்தது. தேய்ந்திருந்தது மேஜை விளிம்பு. வார்னிஷ் போய், மரத்தின் ரேகை அழிந்து, நான்கு பள்ளங்கள். அதற்கடுத்த நாள் நாற்காலியின் முதுகு. மூன்றாம் நாள், உள்ளறைக் கதவின் பித்தளைக் குமிழ் ஒரு பக்கம் சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி இளைத்திருந்தது.

நாத்தனாரின் வேலைதான் என்று முடிவு கட்டினாள். கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அவனுடைய அக்கா வந்து இவர்களோடு இருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று பேர். கையில் எந்நேரமும் கம்பி நார். குழாய், ஜன்னல் கம்பி, பூட்டு என்று எதையும் விட்டுவைக்கமாட்டாள். அந்த வீட்டில் தேயாமல் மிச்சமிருந்தது நாத்தனாரின் நாக்கு ஒன்றுதான்.

"என் மேஜையைத் தேய்ச்சீங்களா அண்ணி?"

"உன் மேஜைகிட்ட யார் வருவா? ஒரே பசை நாத்தம். செத்த மாட்டுத் தோலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க. பெத்த பொண்ணு சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க."

"சம்பளம் இல்லாத ஆயான்னு நேராவே சொல்லேன்."

மேஜை, நாற்காலி, குமிழ். மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. குமிழுக்கு அந்தப்பக்கம் குழந்தையின் கட்டில். இது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் பயப்படுவதைவிட வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வெறுப்பதற்கு எதிரே ஆள் இருந்தது.

மேலும் மூன்று நாள் கழித்துக் கேமராக்காரருக்குப் போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சிடுச்சு சார். வந்து வாங்கிக்குங்க."



"இன்னும் உங்க வீட்லதான் இருக்கா?"

"ஆமா."

"ஒரு வாரமா என் கை லேசா இருக்கும்மா." அழுவதுபோல ஒரு சிரிப்பு. வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அன்று மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது துண்டு ஓரிடத்தில் வழுக்கியது. இடது புஜம். கன்றிப்போகவில்லை, சிவக்கவில்லை. தேய்ந்திருந்தது. பூனைமுடி போய், தோலின் வரி போய், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பளபளவென்று.

"அண்ணி!" வீடு அதிரக் கத்தினாள். "குழந்தையை என்ன பண்ணீங்க? பிடிச்சு இழுத்தீங்களா? இவளையும் நார் போட்டுத் தேய்ச்சீங்களா?"

நாத்தனார் வந்து பார்த்தாள். கையிலிருந்த கம்பி நாரைக் கீழே போட்டாள். 

"நானா இழுத்தேன்?" என்றாள். "தூக்கத்துல இவ கட்டிலை விட்டு இழுபட்டுப் போறாடி. மூணு ராத்திரியா நான்தான் இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கறேன். கண்ணு அசந்தா ஒரு முழம் நகர்ந்திருக்கா. உன்கிட்ட சொன்னா கதை கட்டறேன்னு சொல்லுவே."

"கதைதான் கட்டறீங்க. பெட்டியைக் கட்டுங்க. இப்பவே."

நாத்தனார் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற ஜாதி இல்லை அவள். பெட்டியோடு வாசலில் நின்று, இவளைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"உனக்கு என்னைப் பிடிக்காது. சரி. இவ கையை மட்டும் விட்டுடாதே."

இவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து அடங்கியது. நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வெளியே பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. எங்கோ குழாய் சொட்டியது.

பூதக்கண்ணாடியை எடுத்து வந்து புஜத்தின் மேல் வைத்தாள். தன் விரல்களை அந்தத் தடத்தில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. நாத்தனாரின் கை குட்டைக் கை. அதுவும் பொருந்தாது. ஒவ்வொரு விரலும் புஜத்தை முழுதாகச் சுற்றி வந்து, மறுபடியும் பாதி சுற்றியிருந்தது.

கேமராவில் பார்த்த விரல்கள்.

பிடி கிடைக்காதபடி வழவழவென்று ஒட்டியது யார்?

அப்போது அந்த வாடை வந்தது. பழம்பசை. ஈரத்துணி. மூடிய உள்ளங்கை. மேஜைப் பக்கமிருந்து வரவில்லை. குழந்தையின் ஈரத் தலைக்கு மேலேயிருந்து வந்தது.

குழந்தையின் இடது கை மெல்ல உயர்ந்தது. ரோட்டைக் கடக்கும்போது உயரமான ஒருவரிடம் கை கொடுப்பதுபோல.

"சிட்டு. கையை இறக்கு."

"இறக்க முடியலைம்மா."

"ஏன்?"

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. தலையை முழுக்க அண்ணாந்து, கூரையடியில் எதையோ பார்த்தது. காதோடு யாரோ சொல்லிக்கொடுத்தது போலக் கூச்சமாகச் சிரித்தது.

"அதுக்கு என்னைப் பிடிச்சிருக்காம்."

பாய்ந்து அந்தக் கையைப் பற்றினாள். வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. மினுமினுப்பு தோளுக்கு ஏறியது. கழுத்துக்கு. மறு கைக்கு. இடுப்பைச் சேர்த்து அணைத்தாள். சோப்புக்கட்டி போல நழுவியது.

குழந்தையின் குதிகால்கள் எழும்பின.

கால் கட்டைவிரல்களின் நுனி மட்டும் தரையில். வெயில் சதுரத்துக்குள் இரண்டு ஈரக்கோடுகளை இழுத்துக்கொண்டு.

எங்கே பிடித்தாலும் பிடி கிடைக்கவில்லை.