உடையவர் இல்லாத சரக்கு

மாலைச் செவ்வொளி வடிந்து, முழுநிலவு சங்குத்துறை முகத்துவாரத்தின் மேல் எழுந்துகொண்டிருந்தது. வாசகர்களே, அந்த அழகில் மயங்கிவிடாதீர்கள்! பஞ்சத்தில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள், கடல் கடந்து விற்கப்படுவதற்காக, அதே நிலவொளியில் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டுக் கரையில் கிடந்தார்கள்.

அவர்களுள் ஒருத்தியான வடிவாள், தளவாய் விருப்பண்ணர் அதே கரையில் கூட்டியிருந்த நியாய சபையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கூட்டாக வாங்கிய வணிகர்கள் அம்பலவாணரும் கயிலாயரும் அங்கே கட்டிப் புரளாத குறைதான். பாதிப்பேர் காய்ச்சலில் மாண்டு, பேசிய எண்ணிக்கை குறைந்ததால், பரங்கிக் கப்பல்காரனுக்குச் சரக்கின் உடையவர் நஷ்டஈடு கட்ட வேண்டும்.

"தளவாய் அவர்களே, எல்லாம் கயிலாயரின் சரக்கு!"

"அபாண்டம்! எனக்கு ஒரு பங்கும் கிடையாது!"

"சூடம் அணைத்துச் சத்தியம் செய்வீர்களா?" என்று கேட்டார் தளவாய்.

இருவரும் முந்திக்கொண்டு அணைத்தார்கள். வடிவாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படித் துறந்த பொருளை இத்துறையில் திரும்பக் கேட்க முடியாதென்று காவல் வீரன் சேந்தன் அவளிடம் சொல்லியிருந்தான். அவன் யாரென்பது அவளுக்குத் தெரியும், தளவாய்க்குத் தெரியாது.

அவள் எழுந்தாள். "ஐயா! ரெண்டு பேருமே எங்களை வேண்டாம்னுட்டாங்க. கயித்தை அவுத்து விடுங்க!"

தளவாய் புன்னகைத்தார். "கெட்டிக்காரிதான். ஆனால், உடையவர் இல்லாமல் இத்துறையில் ஒதுங்கியதெல்லாம் அரண்மனைக்குச் சொந்தம். காவலா, அரண்மனை முத்திரையைக் காய்ச்சிச் சூடு போட்டுக் கப்பலில் ஏற்று!"

சீ, நியாயமாம் நியாயம்! வணிகர்கள் தப்பித்தோம் என்று மேல்துண்டை உதறிக்கொண்டார்கள்.

பழுத்த இரும்புடன் வந்தவன் சேந்தனேதான். சட்டத்தின் மறுபாதியை அறியாமல் போனோமே என்று அவன் முகம் வெளிறியிருந்தது. வடிவாள் தோளைக் காட்டினாள்.

"போடு. வேற எவன் கையாலயும் வேணாம்."

சேந்தன் இரும்பைத் திருப்பித் தன் கையிலேயே அழுத்தினான். சதை கருகியது.

"தளவாய் அவர்களே! முத்திரை பட்டவன் அரண்மனைச் சரக்கு. என்னையும் ஏற்றுங்கள். இவளுக்குப் பரிசம் போட்டவன் நான். இவளைத் தேடியே உங்களிடம் காவலனாகச் சேர்ந்தேன்!"

"கட்டுங்கள் இவனையும்!" என்று சீறினார் தளவாய்.

அவள் பக்கத்திலேயே அவனைப் பிணைத்தார்கள்.

"பைத்தியக்காரா! நீயாவது பிழைச்சிருக்கலாமே!" என்று வடிவாள் அழுதாள்.

"எந்தக் கடலா இருந்தாலும் உன்னைக் கரை சேர்ப்பேன், வடிவு. இது சத்தியம்."

"சத்தியமா? அந்த வார்த்தையை இனி என் காதுல போடாதே" என்றவள், வெந்துபோன அவன் கையை இழுத்து வைத்து ஊதத் தொடங்கினாள்.