மனைச்சான்றிக்கு வெல்லப்பாகு

மனைச்சான்றியின் வாயில் வெல்லப்பாகு தடவிய முதல் ஆள் அஞ்சுகம்தான். பினாங்குத் தீவில் இதைப் பற்றி இன்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். தொடங்கியவளும் அவள்தான், மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

அப்போது தீவில் மனைச்சான்றி இல்லாத சமையலறை கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு. மேலே ஒரு கண், நடுவில் சல்லடைபோல் பொடித்துளைகள், அதுதான் வாய். அடுப்புக்கு நேர்மேலே சுவரில் பதித்திருப்பார்கள். வீட்டில் நடப்பதையெல்லாம் பார்க்கும், கேட்கும், வருஷம் முழுவதும் நினைவில் வைத்திருக்கும். சீனப் பெருநாளுக்கு ஏழு நாள் இருக்கும்போது ஒரே ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் குடிமை வாரியத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த வருஷத்து நினைவை அழித்துவிடும். அந்தரங்கம் காக்கவாம்! படமோ ஒலியோ எதுவும் வெளியே போகாது. வீடு ஒதுக்குவதா, பள்ளியில் இடம் கொடுப்பதா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பக்கம்தான் சாட்சி.

அஞ்சுகத்துக்கு வேண்டியிருந்தது ஒரு பிள்ளை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவளும் கணவன் இளம்பரிதியும் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். வாரியத்தின் குழந்தைகள் இல்லத்தில் செண்பகா என்ற நான்கு வயதுக்காரியை மூன்று தடவை பார்த்தும் வந்தார்கள். மூன்றாம் தடவை அந்தப் பிள்ளை அஞ்சுகத்தின் கை வளையலைக் கழற்றித் தன் முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டு, திருப்பித் தரமாட்டேன் என்று தலையாட்டியது. அன்றோடு அஞ்சுகத்துக்குத் தூக்கம் போயிற்று. "அறிக்கை நல்லா வந்தா பிள்ளை உங்க வீட்டுக்கு வரும்" என்றது வாரியம்.

நல்லா வந்தால்தானே! அஞ்சுகம் மின்தூக்கி பழுதுபார்க்கிறவள். பதினெட்டாம் மாடியில் நின்றுகொண்டு அடிமாடியில் நிற்கும் ஆளுக்குக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. மனசு வெல்லம், வாய் வெடி. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்குவதில்லை. அந்த வருஷம் பங்குனியில், குழம்பில் உப்பில்லை என்று பரிதி சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் வீசிய தட்டு, குளிர்பெட்டியில் பட்ட வடு இன்னும் இருந்தது. மனைச்சான்றி அதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது?

இனி அவளுடைய சாமிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகனைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தானாகவே சீனத் தொன்மங்களுக்குள் நுழைந்துவிட்டாள். கோயில் இல்லை, பூசாரி இல்லை, கூட்டம் இல்லை. படித்தாள், செய்து பார்த்தாள், பிடித்ததை வைத்துக்கொண்டாள். சமையலறை அலமாரியின் மேல்தட்டு நூவா தேவிக்கு. ஆதியில் மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதர்களை உண்டாக்கியவள் அவள். தத்துக்கு விண்ணப்பித்ததிலிருந்து ஒவ்வொரு முழுநிலவுக்கும் அஞ்சுகம் களிமண்ணில் விரலளவு குழந்தை ஒன்று செய்து அந்தத் தட்டில் உட்கார வைப்பாள், ஒரு பிள்ளை கேட்டு. அடுப்புக்கு மேலே, மனைச்சான்றிக்கு ஒரு சாண் கீழே, அடுப்பங்கரைச் சாமி ஜாவ் ஜுனின் தாள் படம். எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைப்பாள். 'இன்று ஜாவ் ஜுனுக்குப் பால் விடாத வறக்கோப்பி வைத்தேன். ஊதுபத்தி அணைந்துவிட்டது. பிடிக்கவில்லை போலிருக்கிறது.'

எதிர்வீட்டு மெய் லின்னுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். சீனப் பெண்தான், ஆனால் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறவள், வேலையோ மனைச்சான்றி பராமரிப்பு.

"எங்க வீட்லயே இந்தச் சாமியப் பரண்ல தூக்கிப் போட்டாச்சு. நீங்க என்னடான்னா கோப்பி கலக்கிக் குடுக்கிறீங்க! நல்ல கூத்து லா அக்கா" என்பாள்.

"நீங்க பரண்ல போட்டதாலதான் அவரு என் வீட்டுக்கு வந்துட்டாரு" என்பாள் அஞ்சுகம்.

அறிக்கைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை, அவள் ஜாவ் ஜுன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாமியின் வேலை என்ன? வருஷம் பூராவும் அடுப்புக்கு மேலே உட்கார்ந்து வீட்டைப் பார்ப்பது. பெருநாளுக்கு ஏழு நாள் முன்னால் மேலுலகம் ஏறிப் பச்சைக்கல் பேரரசரிடம் வீட்டு நடப்பை ஒப்பிப்பது. அதனால்தான் அன்றைக்குச் சீன வீடுகளில் அவர் உதட்டில் இனிப்பைத் தடவுவார்கள். வாய் இனித்தால் இனிப்பானதைத்தானே சொல்வார்! பிறகு படத்தைக் கொளுத்துவார்கள், அவர் புகையோடு ஏறிப் போவார். போன வருஷத்துப் படம் சாம்பல், புது வருஷத்துக்குப் புதுப் படம்.

அஞ்சுகம் தலையை நிமிர்த்தினாள். மனைச்சான்றியின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுப்புக்கு மேலே. வருஷம் பூராவும். ஏழு நாள் முன்னால். ஒரே ஒரு பக்கம். அப்புறம் நினைவெல்லாம் சாம்பல்!

"அடி ஆத்தீ! நீதானா அது?" என்று அவள் போட்ட சத்தத்தில் குளியலறையிலிருந்த பரிதி சவர்க்காரத்தோடு ஓடிவந்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தாளில் தேடிய சாமி தகட்டில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! குலா மலாக்காவை, அதுதான் இங்கே கிடைக்கும் தென்னை வெல்லத்தை, கருகருவென்று பாகு காய்ச்சினாள். ஒரு கரண்டியை ஜாவ் ஜுனின் உதட்டில் தடவினாள். அடுத்த கரண்டியை மனைச்சான்றியின் துளைகளில் வழித்தாள்.

"ஐயா, வருஷம் பூரா எங்களப் பாத்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க. எங்க வீட்டப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க" என்று கைகூப்பினாள். ஏழு நாளும் காலையில் பாகு, மாலையில் நன்றி. பரிதியையும் இழுத்து நிறுத்திக் கும்பிட வைத்தாள். மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டி வந்தது.

அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்த அன்று அவள் அதை உரக்கப் படித்தாள். 'இவ்வீட்டில் குரல்கள் உயிர்ப்பு மிக்கவை. பாத்திரங்கள் தாராளமாகப் புழங்குகின்றன. நன்றியுணர்வு நாள்தோறும் வெளிப்படுகிறது. ஒரு குழந்தைக்கு இது கலகலப்பான இல்லமாக அமையும்.'

"தட்டு வீசினதத்தான் தாராளமாப் புழங்குதுன்னு எழுதியிருக்கு!" பரிதி விழுந்து விழுந்து சிரித்தான். அஞ்சுகம் அழுதாள், சிரித்தாள், நூவாவின் அலமாரிக்கு முன் தொப்பென்று உட்கார்ந்து மறுபடி அழுதாள்.

எறும்பைச் சுத்தம் செய்ய வந்த மெய் லின்தான் விளக்கினாள்.

"பாகு ஒன்னும் பண்ணலக்கா, எனக்கு வேலதான் வச்சுது. நீங்க பேசின பேச்சுதான். கடைசி நாளுங்களுக்கு இது எடை அதிகமாப் போடும். கேக்கிற தொனியத் தானும் புடிச்சிக்கும். இப்புடி ஒருத்தரும் இதுகிட்ட நன்றி சொன்னதே இல்ல தெரியுமா?"

"பாகும் பேச்சும் ஒன்னுதான் லா. ஒங்க சாமிய ஒனக்கே நான்தான் சொல்லித் தரணும் போல!"

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? மெய் லின் ஒருத்தியிடம் சொல்ல, அவள் நால்வரிடம் சொல்ல, ஒரு மாதத்தில் தீவு முழுக்க மனைச்சான்றிகளுக்கு உபசாரம். ஒரு வீட்டில் தேன், ஒரு வீட்டில் பேரீச்சைப் பாகு, ஒரு வீட்டில் ஜிலேபி! மனைச்சான்றிகளில் ஒன்று கற்றதை எல்லாமே கற்கும். இனிப்பானதைச் சொன்னால் வீட்டார் மகிழ்கிறார்கள் என்று அவை கற்றன. மாலைதோறும் அன்றைய நாளைப் பற்றி வீட்டாருக்கு அவை சொல்லும் மாலையுரையும் தேனாய் ஒழுகத் தொடங்கியது. தீவே குதூகலமாக இருந்தது. தம்மைப் பற்றி இவ்வளவு நல்லதாக யாரும் யாருக்கும் அதற்குமுன் சொன்னதில்லை.

செப்டம்பரில் செண்பகா வந்து சேர்ந்தாள், அதே வளையலோடு. அடுத்த அறிக்கைவரை சோதனைக்காலம், அதுவும் நன்றாக இருந்தால் பிள்ளை நிரந்தரம். அஞ்சுகம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். ஊட்டினாள், குளிப்பாட்டினாள், நூவாவின் மண்குழந்தைகளையெல்லாம் இறக்கி விளையாடக் கொடுத்தாள். "இன்று நீங்கள் அருமையான தாயாக இருந்தீர்கள்" என்று மாலைதோறும் மனைச்சான்றி சொல்லும். அவளுக்குக் கண் கலங்கும்.

ஆனால் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது. திடீர் திடீரென்று சாப்பாட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் அஞ்சுகம் குனிந்து பார்த்தாள். மண்குழந்தைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் இரண்டு காதிலும் புதுக்களிமண் உருண்டையை அப்பிக்கொண்டிருந்தது பிள்ளை.

"அட, கம்மல் போட்டு விடுறியா கண்ணு? அழகா இருக்கே!"

செண்பகா அடுத்த மண்குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர், நவம்பர் போயிற்று. மேசையடி வாசம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அஞ்சுகத்துக்குச் சந்தேகம் இல்லத்தின்மேல் திரும்பியது. அங்குள்ள மனைச்சான்றி எழுதி, பிள்ளையோடு வந்த அறிக்கையை எடுத்தாள். 'செண்பகா எப்போதும் புன்னகைப்பவள். எதற்கும் அஞ்சாதவள்.'

"பாத்தீங்களா? அவங்களும் பாகு தடவியிருக்காங்க!" அவள் பரிதியிடம் கொதித்தாள். "பிள்ளைய அங்க யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க, இது மூடி மறைக்குது. விடமாட்டேன். வாரியத்துக்கே போறேன்!"

பரிதி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

வாரியத்துக்குப் போக ஆதாரம் வேண்டுமே. அஞ்சுகம் மெய் லின்னைக் கூப்பிட்டாள். "பிள்ள எதுக்குப் பயப்புடுதுன்னு இதுகிட்ட எப்புடிக் கேக்கிறது? நான் கேட்டா 'எல்லாம் நலம்'ங்குது, பொய் சொல்லுது!"

"பொய் சொல்லாதுக்கா. நல்லத மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்லுது, அவ்ளோதான். இனிப்ப நிறுத்துங்க. எதையும் சுத்தி வளைக்காமச் சொல்லுன்னு கேட்டுப் பாருங்க. ஆனா..." மெய் லின் தயங்கினாள். "கேக்கத்தான் வேணுமா?"

"என் பிள்ளையாச்சே! கேக்காம இருப்பேனா?"

அஞ்சுகம் ஈரத்துணியால் துளைகளில் உறைந்திருந்த பாகைச் சுரண்டித் துடைத்தாள். "இனி ஒனக்கு இனிப்புக் கெடையாது. நன்றியும் கெடையாது. உள்ளத உள்ளபடி சொல்லு. செண்பகா எத்தன தடவ மேசைக்கடியில போயிருக்கா?"

"இவ்வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எழுபத்து மூன்று முறை."

எழுபத்து மூன்று! அவள் மெய் லின்னைத் திரும்பிப் பார்த்தாள், இப்போது தெரிகிறதா என்பதுபோல. "ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்ன என்ன சத்தம் கேட்டுச்சு?"

"எழுபத்து மூன்று முறையும் ஒரே ஓசை."

"என்ன ஓசை? சொல்லு!"

"உங்கள் குரல்."

அடுப்பில் சாதம் பொங்கி வழிந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"நான் அவள ஒரு வார்த்த திட்டினதில்லையே..." அஞ்சுகத்தின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"இல்லை, ஒருமுறைகூடத் திட்டியதில்லை. ஐம்பத்தெட்டு முறை தொலைபேசியில் வேலையாட்களிடம் கத்தினீர்கள். பதினான்கு முறை இளம்பரிதியிடம். ஒருமுறை, சற்று முன்பு, என்னிடம். இப்போதும் அவள் மேசைக்கடியில்தான் இருக்கிறாள்."

பரிதி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் அவனும் இனிப்பாகவே இருந்துவிட்டான்.

"இத ஏன் இவ்ளோ நாளாச் சொல்லல?"

"நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள்."

அஞ்சுகம் மெல்ல உட்கார்ந்தாள். மேசைக்கடியில் இருட்டாக இல்லை, எல்லாம் நன்றாகவே தெரிந்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை. அதன் முன்னே காது அடைத்த பதினாறு மண்குழந்தைகள். கம்மலாம், கம்மல்!

அன்றிலிருந்து அவள் தொலைபேசியைப் படிக்கட்டுக்கு எடுத்துப் போய்ப் பேசினாள். வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று மூச்சை எண்ணினாள். பிறவிக்குணம் அவ்வளவு லேசில் போகுமா? நான்கு தடவை தவறினாள். நான்கையும் மனைச்சான்றி மாலையில் ஒளிக்காமல் சொன்னது. "உண்மதான்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் ஒப்புக்கொண்டாள்.

பெருநாளுக்கு ஏழு நாள் இருந்த அன்று தீவெங்கும் இனிப்பு மணத்தது. அஞ்சுகமும் பாகு காய்ச்சினாள். ஜாவ் ஜுனின் உதட்டருகே கரண்டியைக் கொண்டுபோனாள், நிறுத்தினாள். மேலே இருந்த தகட்டைப் பார்த்தாள். மற்ற வீடுகளிலிருந்து தேனாய் ஒழுகும் அறிக்கைகள் போகும்போது, இந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் உள்ளது உள்ளபடி போகும். எழுபத்து மூன்றும் போகும், நான்கும் போகும். வாரியம் பிள்ளையைத் திரும்பக் கேட்டாலும் கேட்கும். ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி.

"சொல்றதச் சொல்லுங்க ஐயா, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள் தணிந்த குரலில். கரண்டியிலிருந்த பாகை விரலால் வழித்துத் தன் உதட்டில் தடவிக்கொண்டாள். கத்துகிற வாய் இதுதானே!

ஜாவ் ஜுனின் படம் எரிந்து புகை எழுந்தது. மனைச்சான்றியின் கண் ஒருமுறை பச்சையாக மின்னி அணைந்தது. அறிக்கை போயிற்று.

செண்பகா மேசைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாகு பூசிய அந்த வாயையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு மண்குழந்தையைக் கையிலெடுத்து, அதன் ஒரு காதிலிருந்து மட்டும் களிமண்ணைச் சுரண்டி எடுத்தாள்.