பானைக்குள் கிடந்த தாலி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டை ஆராய்ச்சிக்காரர்கள் வாடகைக்குப் பிடித்தபோது, பெருக்கவும் காவலுக்கும் சித்தாள் அங்கம்மாவையே வைத்துக்கொண்டார்கள். உத்தமன் நிலத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது அவள் கடப்பாரையில்தானே அந்தப் பானை தட்டுப்பட்டது. உள்ளே தங்க வளையல், காசுமாலை, ஒரு பொட்டுத்தாலி. எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை.

அங்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தாலியைக் கயிறில்லாமல் வெறுமனே போட்டு வைப்பார்களா? ஆராய்ச்சி செய்யும் நாகவல்லி மேடம் சாப்பிடப் போன நேரம், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மண் போகத் தேய்த்து, மஞ்சள் கயிற்றில் கோத்து வைத்துவிட்டாள்.

நாகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது அழுக்கில்ல அங்கம்மா. அந்த மண்ணை வச்சுத்தான் எந்தக் காலத்து நகைன்னு பாக்கணும்." கயிற்றை அறுத்து வெளியே போட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் மஞ்சள் வாசனை. பூட்டிய பீரோவுக்குள் ஏதோ உரசும். ஈரக் கால்தடம் பீரோ வரைக்கும் வரும்.

திரும்பிப் போன தடம் இருக்காது.

நகைகளை மியூசியத்துக்கு ஏற்றிப்போக வண்டி பேச, பீரோச் சாவியை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு நாகவல்லி எழும்பூர் போயிருந்த மத்தியானம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடவே உத்தமனும் வந்தான்.

"சாவிய குடு அங்கம்மா. என் நெலத்துல கெடச்சது. கண்ணாடிக்குள்ள வச்சு வேடிக்கையா காட்றது? உருக்குனா உனுக்கும் ஒரு சவரன்."

அங்கம்மாவுக்குத் தன் தாலி நினைவுக்கு வந்தது. புருஷனை எரித்த சூடு ஆறும் முன்னே கொழுந்தன் அதைக் கொண்டுபோய் உருக்கினான். இன்றைக்கும் அது அவன் விரலில் மோதிரமாகக் கிடக்கிறது.

"உருக்க உடமாட்டேன்."

அவள் கையை முறுக்கிச் சாவியைப் பிடுங்கினான். பீரோவைத் திறந்து உள்ளே கை விட்டான்.

கரண்ட் போனது.

மஞ்சள் வாசனை மூச்சை அடைத்தது. உத்தமன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை. முழங்கை வரை ஈரச் சேறு.

அது அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

அவன் உதறிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் ஓடினான்.

பிறகு இருட்டிலிருந்த அந்த உருவம் அங்கம்மா பக்கம் திரும்பியது. முகம் தெரியவில்லை. வெறுங்கழுத்து மட்டும் தெரிந்தது. கை நீண்டது.

அங்கம்மா பீரோக் கதவைச் சாத்தி, முதுகை அதில் முட்டுக் கொடுத்து நின்றாள்.

"உனுக்கும் தரமாட்டேன்."

மழைச் சத்தம்.

"நீ எட்துகினு மண்ணுக்குள்ள போய்ட்டீனா, இன்னொருத்தன் தோண்டி உருக்குவான். என்னுது அப்டிதான் போச்சு. உன்னுதாவது இருக்கட்டும். நீ இருந்தேன்னு நாலு பேரு பாக்கட்டும்."

சில்லென்று ஒரு விரல் அவள் கழுத்தைச் சுற்றி ஒரு முறை போயிற்று.

மறுநாள் நகைகள் வண்டியேறின. தாலி இப்போதும் கயிறில்லாமல் கண்ணாடிக்குள் முழுசாக இருக்கிறது.

அங்கம்மா கழுத்தில்தான் கயிறு கிடந்தாற்போல ஒரு மஞ்சள் தடம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விடிந்தால் புதிதாக, ஈரமாக இருக்கும். புருஷன் இல்லாதவளுக்கு இன்னா மஞ்சள் என்று குழாயடியில் ஜாடை பேசினார்கள்.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.